கெசியாவுக்காக எழுதிய கடிதங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் டாஃப்னி டீச்சருக்குக் கால் தரையில் பாவாது. இசபெல் தீவின் மேற்குக் கரையில், ஹாகலு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். ஒவ்வொரு ஜனவரியும் அதே ஓட்டம்தான். ஆண்களை விரட்டிக் கூரைக்கு ஓலை மாற்ற வைக்க வேண்டும். கப்பலில் நோட்டுப் புத்தகம் வந்ததா என்று படகுத்துறைக்கு நாலு நடை நடக்க வேண்டும். வீடு வீடாகப் போய், "பேன் இருந்தா இப்பவே பாத்துருங்க. ஸ்கூல் தொறந்தப்புறம் மொத்தத்தையும் என் தலையில கொட்டாதீங்க" என்று தாய்மார்களை அதட்ட வேண்டும். இதெல்லாம் அவளுக்கு அலுத்ததே இல்லை. பிடிக்காத வேலை ஒன்றுதான்: புதுப் பிள்ளைகளின் பெயரைப் பதிவது. அந்தக் காலையில் அவளுக்கு ஒரு வாய் கிழங்கு இறங்காது. காரணம் ஊருக்கே தெரியும். அவள் காதுபட யாரும் பேசமாட்டார்கள்.

அவள் பயிற்சி முடித்து வந்த முதல் வருடம். வயது இருபத்திமூன்று. முதல் வகுப்பில் நாற்பது பேருக்குத்தான் பெஞ்சு, வந்து நின்றதோ நாற்பத்தாறு பிள்ளைகள். பிறந்த தேதிக்கு யாரிடமும் காகிதம் கிடையாது. தலைமை ஆசிரியர் வழி சொல்லியிருந்தார்: வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் சேர்த்துக்கொள், தொடாவிட்டால் அடுத்த வருடம்.

மேபல் தன் இரட்டைப் பெண்களோடு வந்தாள். ஜெமைமாவின் விரல் காது மடலில் பட்டது. கெசியாவின் விரல் ஒரு நகத்தளவு தள்ளி நின்றுவிட்டது.

"எட்டலை. அடுத்த வருஷம்" என்றாள் டாஃப்னி.

"டீச்சர், ரெண்டும் ஒரே ராத்திரி பொறந்ததுங்க" என்றாள் மேபல். "ஒண்ணுக்கு வயசு வந்துருச்சு, இன்னொண்ணுக்கு வரலையா? அப்போ நான் ஒரு வருஷமா பெத்துக்கிட்டு இருந்தேனா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். தப்பு என்று டாஃப்னிக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பில் அவள் முகம் கொதித்துப்போயிற்று. புதுசாக வந்தவள், இன்று இறங்கிப் போனால் நாளை எவன் மதிப்பான்?

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த ஆள் வாங்க."

மறு வருடம் கெசியாவின் பெயரைக் கையை அளக்காமலே முதல் பெயராக எழுதிவிட்டு டாஃப்னி காத்திருந்தாள். அவள் வரவில்லை. மேபலுக்கு இன்னொரு குழந்தை பிறந்திருந்தது. தோட்டமோ மலைக்கு அந்தப் பக்கம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். டாஃப்னி வீட்டுக்கே போய்க் கூப்பிட்டபோது கெசியா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முறைத்தாள். "ஜெமைமாவுக்குக் கீழ் வகுப்புல நான் உக்கார மாட்டேன்."

மூன்றாம் வருடம் இரண்டு வாரம் வந்தாள். பிள்ளைகள் அவளுக்கு 'எட்டாக்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். டாஃப்னி பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். அந்த வார்த்தையின் விதை தன் வாயிலிருந்து விழுந்தது என்பது அவளுக்குத் தெரியாதா? கெசியா அதோடு நின்றுபோனாள்.

ஜெமைமா நன்றாகப் படித்தாள். தலைநகர் ஹோனியாராவுக்குப் போய் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். ஊரில் அப்படிப் போன முதல் பெண் அவள்தான். "என் மாணவி" என்று டாஃப்னி சொல்லும்போது குரலே மாறிவிடும். கெசியா உள்ளூரிலேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாள். அவள் போட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி அந்தக் கரையில் யாருக்கும் விளையாது.

அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் டாஃப்னிதான் பாலம். கப்பல் வந்த மறுநாள் கெசியா கடிதத்தோடு வருவாள். டாஃப்னி படித்துக் காட்டி, பதிலும் எழுதித் தருவாள். ஒரு தடவை தயங்கித் தயங்கி, "நான் சொல்லித் தர்றேன், நீயே எழுதலாமே?" என்று கேட்டாள்.

"எதுக்கு டீச்சர்? உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு" என்று கெசியா சிரித்துவிட்டாள். சிரிப்பில் கோபம் இல்லை. டாஃப்னிக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. பட்ட கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு வருவதாக நினைத்துக்கொண்டாள்.

ஜெமைமாவின் கடைசிப் பரீட்சை வருடம் அது. நடுவில் இரண்டு வருடம் பணமில்லாமல் படிப்பு நின்று, மறுபடி போய்ச் சேர்ந்திருந்தாள். பள்ளி திறக்க ஐந்து நாள் இருக்கும்போது கெசியா மூச்சு வாங்க ஓடி வந்தாள். டாஃப்னி நோட்டுகளை வகுப்புவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க டீச்சர். அம்மா கால் அழுகுது. வாடை தாங்கலை. நீ நர்ஸுக்குத்தானே படிக்கிற, படிச்சு யாரைக் காப்பாத்தப் போற? அடுத்த கப்பல்ல வந்து சேருன்னு எழுதுங்க."

டாஃப்னி எழுதினாள். "அம்மாவுக்குக் காலில் சிறு புண். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ மனம் கலங்காமல் பரீட்சை எழுது. ஜெபித்துக்கொள்." பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்தான், அதற்குள் அந்தப் பெண்ணைப் பதற வைப்பானேன் என்று நினைத்தாள். கெசியா பேசுவதைப் பேசியபடியே காகிதத்தில் வைப்பது நன்றாக இல்லை என்றும் நினைத்தாள். முன்பும் பல தடவை அவள் வார்த்தைகளை இழைத்து வழவழப்பாக்கியிருக்கிறாள். அதை ஒரு உதவி என்றே நம்பியிருந்தாள்.

மூன்றாம் வாரம் மேபல் இறந்துபோனாள். ஜெமைமா வந்தபோது மண் மூடி நாலு நாள் ஆகியிருந்தது.

சகோதரிகள் கடற்கரையில் நின்று கத்திக்கொண்டதை ஊரே கேட்டது. பிறகு இருவருமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். ஜெமைமா கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"டீச்சர், இது யார் சொன்னது? அவளா, நீங்களா?"

டாஃப்னி கடிதத்தை மடித்து வைத்தாள். "உன் பரீட்சை கெட்டுப்போயிடுமேன்னு..."

ஜெமைமா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கெசியா அழவில்லை. "அன்னைக்கும் உங்களுக்கு அவதான். இன்னைக்கும் அவதான்" என்றாள். அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கடிதம் எதையும் கொண்டுவரவில்லை. யார் படித்துக் காட்டினார்களோ, டாஃப்னி விசாரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, துணிந்து மலை ஏறித் தோட்டத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்டாள், கை அளந்ததற்கும் கடிதத்துக்கும் சேர்த்து. கெசியா கிழங்கு தோண்டுவதை நிறுத்தவில்லை.

"மன்னிச்சேன்னு சொன்னா நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குவீங்க. எனக்கு என்ன மாறும் டீச்சர்? பாத்து இறங்குங்க, மழை பெஞ்சு வழுக்குது."

பிறகு டாஃப்னி தலைமை ஆசிரியை ஆனாள். கை அளக்கும் வழக்கத்தை முதல் வேலையாக எடுத்தாள். பெஞ்சு போதாத வருடங்களில் பாய் விரித்து உட்கார வைத்தாள். பாராட்டுக் கிடைத்தது. யாராவது பாராட்டினால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஏழு வருடம் கழித்து ஒரு ஜனவரியில் கெசியா தன் மகளோடு வரிசையில் நின்றாள். பெண்ணுக்கு எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, புதுச் சட்டை போட்டிருந்தாள். டாஃப்னி படிவத்தை நிரப்பினாள். கைநாட்டுக்காக மை டப்பாவை நகர்த்தினாள்.

கெசியா விரலை நீட்டவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

டாஃப்னி படித்தாள். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தாய், தகப்பன், ஊர், திருச்சபை.

"ஏழு வரி இருக்கு டீச்சர். ஆறுதான் படிச்சீங்க."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாஃப்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"தாயின் படிப்பு" என்று படித்தாள். "இல்லை."

"ஏன் இல்லைன்னு எழுத இடம் விட்டிருக்கானா?"

"இல்லம்மா."

கெசியா கட்டை விரலை மையில் அழுத்திப் படிவத்தில் வைத்தாள். மகளின் முதுகில் கையை வைத்து வகுப்புப் பக்கம் தள்ளிவிட்டாள். "போ, முன் பெஞ்சுல போய் உக்காரு" என்றாள். பிறகு டாஃப்னியைப் பார்க்காமலே மலைப்பாதையில் ஏறினாள். வரிசையில் அடுத்து நின்ற பெண் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் டாஃப்னி புதுப் படிவத்தை எடுத்தாள்.