மூலையில் குந்தியிருந்த வில்லுக்கத்தி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறந்தும் பழக்கமில்லை. மறதியும் இப்போது கூடிவிட்டது. முன்னுக்குப் பின் மாறி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கத்தி மூடுகிற சத்தத்தை மட்டும் நான் மறக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் மண்டூருக்குக் கிட்ட, வாவிக் கரையில். வாவி என்று புத்தகத்தில் போடுகிறார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். இது இரண்டாவது பெரிய சண்டை தொடங்குவதற்குச் சில வருசம் முந்தி. அந்தப் போகம் எங்கள் வயல் வட்டை முழுக்க நெல் நன்றாக விளைந்திருந்தது. வெள்ளாமை வெட்டிச் சூடு மிதித்து நெல் எடுத்து முடிந்ததும், அப்பாவும் அம்மானும் வள்ளத்தில் மட்டக்களப்புக்குப் போனார்கள். அம்மான் என்றது என் அம்மாவின் தமையனை. அப்பாவுக்கு அவர் மச்சான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் ஒன்று வாங்கினால் மற்றவர் வாங்காமல் திரும்பமாட்டார். அன்றைக்குக் காத்தான்குடியார் ஒருவரின் கடையில் ஆளுக்கொரு வில்லுக்கத்தி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மடித்து இடுப்பில் வைக்கிற கத்தியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்லுவது.

முற்றத்தில் பாய் விரித்து, எண்ணெய் ஊறிய மண்ணிறக் கடதாசியை இரண்டு பேரும் ஒன்றாகப் பிரித்தார்கள். முதலில் வந்தது வாசம்தான். தேங்காய் எண்ணெயும் இல்லை, நல்லெண்ணெயும் இல்லை, எங்கள் வீட்டில் அதுவரை இல்லாத ஒரு வாசம். அப்பாவின் கத்திக்கு மான்கொம்புப் பிடி. கொம்பின் வரிகள் அப்படியே இருந்தன. இரண்டு முனையிலும் பித்தளை. அம்மானின் பிடி கறுப்பு, தண்ணீரில் நனைத்தது போல மினுங்கியது. அலகின் முதுகில் பிறை போல ஒரு சின்னக் குழி. அதில் நகத்தை வைத்து இழுத்தால் கத்தி எழும்பும். மூடும்போது கடைசியில் தானாகவே ஓடிப்போய் டக் என்று படுக்கும். அலகில் இங்கிலீசு எழுத்து இருந்தது. எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது.

"என்ட கத்திக்கு ரெண்டு அலகு. பாத்தீங்களா மச்சான்?" என்றார் அப்பா.

"ஓம். ஒண்டுக்கு வெட்டத் தெரியாட்டி மற்றதையும் கூட்டி வரத்தானே வேணும்," என்றார் அம்மான்.

அப்பா தன் முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டினார். அம்மானும் சிரைத்தார். பிறகு பாக்கு வெட்டத் தொடங்கினார்கள். யாருடைய சீவல் மெல்லிசு என்று பார்க்கிற போட்டி. அம்மா வந்து குவியலைப் பார்த்தா.

"ஒரு கலியாண வீட்டுக்குக் காணுற பாக்கு வெட்டிட்டீங்க ரெண்டு பேரும். ஆர் இதைச் சப்புற?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் கிட்டப்போய் அப்பாவின் கத்திப் பிடியில் ஒரு விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது.

"கைய எடு மகள், கீறிப்போடும்," என்றார் அப்பா. "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குகா இது?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் விரலை எடுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பெண்கள் புழங்குகிற இரும்பு எல்லாம் ஒரு இடத்தில் இருப்பவை. மீன் வெட்டுகிற கத்தி பலகையோடு சேர்ந்தது. தேங்காய் துருவுகிற திருவலையில் நாங்கள்தான் போய் ஏறி இருக்க வேண்டும். அப்பாவின் கத்தியோ வாயை மூடிக்கொண்டு அவரோடு எங்கேயும் போய் வந்தது. வட்டைக்குப் போனது, வள்ளத்தில் போனது, கோயில் திருவிழாவுக்குப் போனது. அது பார்த்த இடம் எல்லாம் நான் பார்க்கவில்லை. பின்னேரத்தில் அப்பா மாங்காய் சீவி, துண்டைக் கத்தி நுனியில் குத்தி என் வாய்க்கு நேரே நீட்டுவார். மாங்காயோடு சேர்த்து இரும்பின் குளிரும் உதட்டில் படும். அதற்காகவே எனக்குப் புளிக்கிற மாங்காயும் பிடித்துப்போனது.

அடுத்த மாரி தொடங்க நான் பெரியபிள்ளை ஆனேன். எங்கள் பக்கத்தில், பிள்ளை சாமத்தியப்பட்டால் உடனே கையில் ஒரு இரும்பு கொடுத்து, வீட்டு மூலையில் சீலை கட்டி இருத்துவார்கள். காத்துக் கறுப்பு அண்டாதாம். மூலையிலிருந்து எழுப்பித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் அந்த இரும்பு கையை விட்டுப் போகக்கூடாது. எல்லா வீட்டிலும் பாக்குவெட்டிதான் கொடுப்பது. எங்கள் பாக்குவெட்டியை அன்றைக்குப் பார்த்து ஒரு கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். அம்மா குசினியெல்லாம் தேடினா. அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய இடுப்புவார் வேலிக் கம்பில் தொங்கியது. அம்மா ஓடிப்போய் அதிலிருந்த வில்லுக்கத்தியை உருவி வந்து என் கையில் திணித்தா.

"விடாதகா. கையிலயே வெச்சிரு."

பெண்கள் குரவை போட்டார்கள். நான் அழுததாகப் பின்னால் சொன்னார்கள். எனக்கு நினைவு இல்லை. உள்ளங்கையில் மான்கொம்பு வரிகள் அழுந்தியதுதான் நினைவு.

சீலைக்கு வெளியே நடந்ததெல்லாம் காதால் கேட்டதுதான். அப்பா குளித்துவிட்டு வந்து வாரைக் கட்டினார் போல.

"என்ட கத்தி எங்க?"

"அது மகளுக்கிட்ட," என்றா அம்மா.

பிறகு அம்மானின் குரல்.

"என்ன மச்சான், உங்கட கத்தியும் சமைஞ்சு மூலையில குந்திட்டோ? எப்ப தண்ணி வாக்கிற?"

வீடே சிரித்தது. வாய்க்குள் சீலையை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அந்த மூலையில்தான் கத்தியை முழுக்க அறிந்தேன். முதலில் நகம் பிய்ந்தது. பிறகு எந்த இடத்தில் இழுத்தால் இளகும் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. பெரிய அலகு மூடினால் டக். சின்னது மூடினால் டிக். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கத் தந்த சிரட்டையின் விளிம்பைச் சுரண்டி வழுவழுப்பாக்கினேன். வேப்பங்குச்சியைச் சீவினேன். படுக்கும்போது தலைமாட்டில் வைத்தேன். கடை எண்ணெய் வாசம் போய், என் கை வாசம் அதற்கு வந்தது. இதை இடுப்பில் சொருகிக்கொண்டு நானும் ஒருநாள் வள்ளத்தில் பட்டினத்துக்குப் போவேன், நடு ஆற்றில் தோடம்பழம் உரித்துத் தோலைத் தண்ணீரில் போடுவேன் என்று இருந்து இருந்து நினைத்தேன். என்ன பெரிய ஆசை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது.

ஒருநாள் பெரியம்மா சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னா:

"சமைஞ்ச புள்ளைட கையில இருந்த இரும்ப மறுகா ஆம்பிளை அரையில கட்டப்படாது. பாக்குவெட்டி எண்டா அடுப்படிக்குப் போகும். இது எங்க போற?"

"இரும்புக்கு என்னகா தெரியும்?" என்றார் அப்பா.

"இரும்புக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியுமே."

நான் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அப்பாவிடம் போகாது. அடுப்படியிலும் இதற்கு வேலை இல்லை. அப்படியென்றால் என்னிடம்தானே இருக்க வேண்டும். அதன் பிறகு தண்ணீர் வார்க்கிற நாளை, கத்தி போய்விடுமோ என்ற பயமில்லாமல் நான் எதிர்பார்த்தேன்.

அன்றைக்கு அம்மானின் பெண்சாதி, என் மாமி, பாலும் அறுகும் வைத்துத் தலைக்கு வார்த்தா. எங்கள் வீட்டுத் துணி வெளுக்கிற அக்கா மாற்றுச் சீலை கொண்டு வந்திருந்தா. மூலையில் கிடந்த பாய், நான் உடுத்த சீலை எல்லாம் அவவுக்குச் சேர வேண்டியவை. கூடவே சுளகில் அரிசியும் தேங்காயும் வைத்துக் கொடுப்பது முறை. கத்தி யாருக்கு என்று அப்பாவும் பெரியம்மாவும் திரும்பவும் தொடங்க, அம்மாவுக்கு அலுத்துப்போனது. என் கையிலிருந்து கத்தியை வாங்கி, அந்த அரிசியின் மேல் வைத்துவிட்டா.

"முடிஞ்சுது கதை," என்றா.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன். அந்த அக்கா கத்தியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, சுளகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனா.

அடுத்த முறை துணி எடுக்க வந்தபோது கத்தி அவவின் இடுப்பில் இருந்தது. வெற்றிலை பாக்கு வைக்கிற கொட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் சீலைக்குள் சொருகியிருந்தா. துணிப் பொட்டணியைத் தலையில் வைத்து ஆற்றங்கரையால் தனியாகப் போகும்போது, வழியில் நின்று பாக்கு சீவுவா, பாதையில் சாய்ந்த தாழை மடலை வெட்டி விடுவா. வில்லுக்கத்தி வைத்திருந்த பெண் என்று நான் கண்டது அவவை மட்டும்தான். நான் வேலிக்குள் நின்று, அவ வளைவில் மறையும் வரைக்கும் பார்ப்பேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பமாட்டார். அம்மான் வேண்டுமென்றே அவருக்குப் பக்கத்தில் இருந்து தன் கத்தியை டக், டக் என்று மூடுவார்.

ஒருநாள் அவ எங்கள் கிணற்றடிக் கல்லில் கத்தியை வைத்தா. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் பக்கத்தில் வீட்டு ஆட்களுக்குள் தவிர யாரும் கொடுக்கமாட்டார்கள். கீழே வைக்க, மற்றவர் எடுக்க வேண்டும்.

"எடுத்துத் திற புள்ள. நீ பாக்கிற பார்வைக்கு அது தானாத் திறந்திரும் போல கிடக்கு."

எடுத்தேன். திறந்தேன். அலகில் வெற்றிலைக் கறை. ஆற்று வாசமும் சவர்க்கார வாசமும் அடித்தது. மூடிக் கல்லில் வைத்தேன். அதன் பிறகு வருகிற நேரமெல்லாம் அப்படி வைப்பா, நான் திறந்து மூடி வைப்பேன். ஒரேயொரு தரம் துணிந்து கேட்டேன்.

"அக்கா, இத எனக்குத் தருவீங்களா?"

அவ சிரிக்கவில்லை. "தரலாம். தந்தா நீ இத எங்க கொண்டு போற?" என்றா. "பெட்டகத்துக்குள்ளதானே வெப்பாய். என்னோட எண்டா இது ஆத்தங்கரை எல்லாம் திரியுது."

கத்தியைக் கல்லிலேயே வைத்தேன்.

பிறகு அவவின் குடும்பம் மாங்கேணிப் பக்கம் உறவினரோடு போய்விட்டது. போகும்போது நான் பார்க்கவில்லை. எனக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. ஆகவே நான் அதே வீட்டில், அதே கிணற்றடியில் இருந்தேன். பட்டினத்துக்கு வள்ளத்தில் போயிருக்கிறேன், பிள்ளைகளுக்குத் தோடம்பழம் உரித்தும் கொடுத்திருக்கிறேன். நகத்தால்தான் உரித்தேன்.

மான்கொம்புப் பிடி என்று எழுதிவிட்டேன், மாட்டுக் கொம்போ என்று இப்போது ஐமிச்சமாக இருக்கிறது. சின்ன அலகு எந்தப் பக்கம் இருந்தது என்பதும் குழம்புகிறது. மாங்கேணிப் பக்கம் போகிற யாராவது அந்த அக்காவின் பிள்ளைகளை விசாரித்துப் பாருங்கள். கத்தி இன்னும் இருந்தால், நான் எழுதியது சரியா என்று சொல்லி அனுப்புங்கள். கையில் வாங்க வேண்டாம். ஒரு கல்லில் வைக்கச் சொல்லி எடுங்கள். இரண்டு அலகையும் ஒரு தரம் திறந்து மூடி, திரும்ப அங்கேயே வைத்துவிடுங்கள்.