பந்துக்கு ஞானஸ்நானம் இல்லை

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பள்ளிக்கூடம் முழுவதையும் தவறான நேரத்தில் செபம் செய்ய வைத்தவன் நான்.

அது முல்லைத்தீவுப் பக்கம் இருந்த ஒரு கத்தோலிக்க ஆண்கள் பாடசாலை. தொண்ணூறுகளின் தொடக்கம். மணி அடிப்பது, பள்ளி வளவைக் கூட்டிப் பெருக்குவது, விளையாட்டுச் சாமான்களைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. மணி என்றால் கோயில் மணி அல்ல. ரயில் ஓடாமற்போன பிறகு கழற்றிய தண்டவாளத்தில் ஒரு துண்டு. கிரவுண்டின் வடக்குக் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தில் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரும்புக் கம்பியால் அடித்தால், கடல்நீர் தேங்கிய களப்பின் அந்தப் பக்கம் வரை கேட்கும்.

எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேறியது. நாங்கள் சைவம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். கதைக்கத் தேவையில்லாத வேலை என்று நினைத்துத்தான் மணிக்கு வந்தேன்.

அதிபராக இருந்த பாதர் காலையில் மணிப் பாடம் சொல்லித் தந்தார்.

“பாடம் மாற ஒண்டு. இடைவேளைக்கு ரண்டு. திருந்தாதிக்கு மட்டும் மூண்டு மூண்டாய் மூண்டுதரம் விட்டுவிட்டு அடிச்சு, கடைசியிலை ஒன்பது. விளங்கினதோ ராசு?”

“ஓம் பாதர்.”

விளங்கவில்லை. திருந்தாதி என்றால் என்ன என்று கேட்கவும் கூச்சம். இடைவேளைக்கு இரண்டு அடித்தபோது கம்பி துள்ளி மூன்றாவதும் விழுந்துவிட்டது. சமாளிக்கலாம் என்று சற்று விட்டு இன்னொரு மூன்று அடித்தேன்.

வகுப்புகளிலிருந்து பாய்ந்து வந்த பெடியள் எல்லாரும் வந்த இடத்திலேயே நின்று கைகூப்பினார்கள். கிணற்றடியில் ஒருவன் வாய் நிறையத் தண்ணீரோடு, விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்ப நின்றான். மதிலால் கள்ளமாய்ப் போகவிருந்த ஒருவன் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பாதர் தன் மணிக்கூட்டைப் பார்த்தபடி என்னிடம் வந்தார். அவரும் கைகூப்பியிருந்தார்.

“தொடங்கின செபத்தை இடையிலை விடக்கூடாது. மிச்சத்தையும் அடியும். பிறகு கதைப்பம்.”

திருந்தாதி என்பது காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் மாதாவை நினைத்துச் சொல்லும் செபம். மணி கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். அசையக்கூடாது. மதிலில் இருந்தவன் அன்று அடி வாங்கியதற்குக் காரணம் நான்தான் என்று கனகாலம் சொல்லித் திரிந்தான்.

2. பந்தின் சட்டம்

மாலைத் திருந்தாதி ஆறு மணிக்கு. பின்னேர விளையாட்டு சூடு பிடிப்பதும் அந்த நேரம்தான். மணி கேட்டால் ஆட்டக்காரர் நிற்பார்கள், பந்து நிற்காது. சோளகக் காற்று அதை உருட்டிக்கொண்டு போய்விடும். எங்கிருந்து திரும்பத் தொடங்குவது என்று நாள்தோறும் சண்டை. ஒருநாள் பாதர் தீர்ப்புச் சொன்னார்.

“உங்களுக்குத்தான் ஞானஸ்நானம் தந்தது. பந்துக்குத் தரேல்லை. அது உருண்டு போய் நிக்கிற இடத்திலையிருந்து விளையாடுங்கோ.”

“கோலுக்குள்ளை உருண்டால், பாதர்?” என்று கேட்டான் அமலன். அவன் எங்கள் சென்டர் ஃபோர்வர்ட். கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை. கால் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

“உருண்டால் கோல்தான்.”

அதன்பிறகு நான் கம்பியோடு வேப்பமரத்தடிக்கு நடக்கத் தொடங்கினாலே, பெடியள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பந்தை அடிப்பார்கள். பக்தி கூடிவிட்டது என்று பாதர் நினைத்தார்.

அந்தக் காலத்தில் போரால் வெளியிலிருந்து பந்து வராது. எங்களிடம் இருந்த ஒரே பந்தின் பிளாடருக்கு நான் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டுப் போட்டுப் போட்டு, ஒட்டில்லாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது. நேரே அடித்தால் இடப்பக்கம் வளையும். அது இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் யாரோ புண்ணியவான் ஒரு புதிய தோற்பந்து அனுப்பினார். பந்து ஒன்று, கேட்ட பள்ளிக்கூடங்கள் இரண்டு. நாங்களும், களப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும். ஒரு மட்ச் வைத்து வெல்பவர்களுக்குக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். தோற்றவர்களுக்கு அந்த வருடம் விளையாட்டு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

3. ஆறு மணி

புதிய பந்தை ஒரு கதிரையில் வைத்து மாலை போட்டிருந்தார்கள். மட்ச் பழைய பந்தில்தான். ரெஃபரி எங்கள் பாதர். தன் மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். நான் வேப்பமரத்தடியில் கம்பியோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் அவர்களுடைய கோல். அவர்களின் கோல் கீப்பர் யூட் பந்தைப் பிடிக்க முன்னே ஓடிப்போனான். அமலன் அதை அவனுக்குப் பக்கத்தால் தட்டிவிட்டான். கோல் வெறுமையாகக் கிடக்க, பந்து மணலில் மெதுவாக உருண்டு வருகிறது. மணிக்கூட்டில் சரியாக ஆறு.

அடித்தேன். எல்லாரும் நின்றார்கள். பந்து வந்துகொண்டே இருந்தது.

பாதர் கண்ணை மூடிச் செபத்தைத் தொடங்கினார். அவருக்குப் பதில் சொல்லும் குரல் இரண்டாகப் பிரிந்தது. சீக்கிரம் முடித்தால் யூட் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கலாம். அதனால் அவர்கள் பக்கம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. எங்கள் பெடியள் பெரிய வெள்ளிக்கிழமைப் பசாம் ஒப்பாரியைப் பாடுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் இழுத்தார்கள். நடுவில் அகப்பட்ட பாதர் இரண்டு முறை தடுமாறினார்.

அவர்களின் ஃபுல் பேக் சிவா ஒரு சைவப் பெடியன். கோலுக்குக் கிட்ட நின்றவன் அவன்தான். செபத்துக்கு நடுவே குசுகுசுப்புக் கேட்டது.

“டேய் சிவா, நீ சைவம்தானே. போய் அடியடா.”

“சும்மா இரடா. நானும் கும்பிட்டுக்கொண்டெல்லோ நிக்கிறன்.”

“நீ ஆரைக் கும்பிடுறாய்?”

“அது என்ரை பாடு.”

நான் வழக்கமான இடைவெளி விட்டுத்தான் அடித்தேன். யாருக்காகவும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசி ஒன்பதும் அடித்து முடிந்ததும் யூட் திரும்பிப் பாய்ந்து பந்தின்மேல் விழுந்தான். காலையில் நான் சாம்பலால் போட்ட கோல் கோடு அவன் வயிற்றோடு போய்விட்டது.

“கோல்!”

“எங்கை கோல்?”

4. சாட்சி

பாதர் விசில் ஊதினார்.

“பந்து கோட்டைத் தாண்டினதைக் கண்ட ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

எங்கள் கைகள் எல்லாம் எழும்பின. தாண்டவில்லை என்று அவர்கள் கைகள் எல்லாம் எழும்பின.

“அப்ப ஒருத்தரும் கண் மூடேல்லை. செபத்திலை கண் திறந்தவன்ரை சாட்சி எனக்கு வேண்டாம்.”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அமலன் மட்டும் விடவில்லை.

“பாதர், ராசண்ணை சைவமெல்லோ. அவர் கண் மூடத் தேவையில்லை. மணியும் அந்தக் கோலுக்குப் பின்னாலைதான்.”

அவர்களோடு வந்த மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தாள் பொய் சொல்லுற ஆள் மாதிரித் தெரியேல்லை. எங்களுக்குச் சம்மதம்” என்றார்.

இரண்டு பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்தன. அவ்வளவு கண்கள் என்மேல் முன்பும் விழுந்ததில்லை, பிறகும் விழுந்ததில்லை.

“சொல்லும் ராசு. உள்ளை போனதோ?”

“தெரியாது பாதர். நானும் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

“நீர் என்னத்துக்கு மூடினீர்?”

“வற்றாப்பளை அம்மாளுக்கு நேந்துகொண்டு நிண்டனான் பாதர். பந்து உள்ளை போனால் பொங்கிறன் எண்டு.”

பாதர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

“இண்டைக்கு இந்தக் கிரவுண்டிலை கண்ணை மூடிக் கும்பிட்டது நானும் இவரும்தான். சாட்சி இல்லை, கோலும் இல்லை. விளையாடுங்கோ.”

கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் அடித்தார்கள். எல்லாரும் கண் திறந்திருக்கும்போது விழுந்த கோல். ஒன்றும் சொல்ல முடியாது. புதிய பந்து மாலையோடு களப்பைக் கடந்து போனது.

“ராசண்ணை, இனி நேர்த்தி வைக்கேக்கை ஒரு கண்ணையாவது திறந்து வையுங்கோ” என்று அமலன் சொன்னான். பிறகு ஒரு கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை.

5. நேர்த்தி

எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. பந்து உள்ளே போனால் என்றுதான் நேர்ந்தேனே தவிர, பாதர் கோல் கொடுத்தால் என்று நேரவில்லை. பந்து உண்மையில் போயிருந்தால் அம்மாள் தன் வேலையைச் செய்துவிட்டாள். நான் பொங்காமல் இருப்பது பெரிய பிழை. போகவில்லை என்றால் பொங்குவதற்கு ஒன்றும் இல்லை.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் பானையும் அரிசியும் கொண்டுபோனேன். கல் மூன்றை வைத்தேன். நெருப்பு மூட்டவில்லை. யோசித்துக்கொண்டு நின்றேன்.

“என்ன அண்ணை, வெறும் அடுப்பைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

யூட். கையில் வறுத்த கச்சான் கடலைச் சுருள். பொங்கலுக்கு வேதக்காரப் பெடியளும் சைக்கிளில் வருவார்கள். சனம் பார்க்க, கச்சான் வாங்க.

சிக்கலைச் சொன்னேன். பந்துக்கு மிகக் கிட்ட இருந்தவன் அவன். அவன் கச்சானை மென்றுகொண்டு அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு குந்தி இருந்து, விறகை அடுக்கி, என்னிடம் நெருப்புப் பெட்டிக்குக் கையை நீட்டினான்.

“பொங்குங்கோ அண்ணை.”

“அப்ப, தம்பி…”

“பாதரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ” என்றான், அடுப்பை ஊதிக்கொண்டே. “ஆரும் கேட்டால், அண்டைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்.”

பானை பொங்கி வழியும்வரை அவன் போகவில்லை. முதல் அகப்பையும் அவனுக்குத்தான்.

மணி அடிக்க வருகிற இளம் ஆட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நேர்த்தி எதுவானாலும் காலையிலேயே வைத்துவிடுங்கள். கம்பி கையில் இருக்கும்போது கண்ணை மூடாதீர்கள்.