தொட்டி மேல் கட்டிய வைக்கோல் பொம்மை

என் வேலை உயரமானதைத் தேடுவது. சமவெளியிலிருந்து கல்வராயன் மலைக்கு ஒயர் இல்லாமல் இன்டர்நெட் போக வேண்டுமானால், இந்த முனையில் நிற்கிற டிஷ் அந்த முனையில் இருக்கிற டிஷ்ஷை நேராகப் பார்க்க வேண்டும். தனியாக டவர் கட்ட எங்கள் சின்னக் கம்பெனிக்கு வக்கில்லை. அதனால் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி, ரைஸ் மில் புகைபோக்கி என்று எது நெடுநெடுவென நிற்கிறதோ அதன் கீழே போய் நின்று, "மேல ஏறிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்பேன். சில நாட்களில் பொழுது விடிந்து அடைகிறவரை நான் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறு இல்லை என்பார்களே, அதுதான் என் பிழைப்பு. கள்ளக்குறிச்சி வாடகை அறையில் என் செருப்பைத் தவிர வேறு செருப்பு கிடையாது.

ரிஷிவந்தியத்துக்கு மேற்கே ஒரு கரும்புத் தோட்டத்தில் தோதான தொட்டி கிடைத்தது. நிலத்துக்காரர் சென்னையில் இருந்தார். மோட்டார் கொட்டகையில் தங்கித் தண்ணீர் பாய்ச்சுகிற அக்கா ஒருத்திதான் அங்கே. அவள் புருஷன் கேரளாவில் கூலி வேலை. பொங்கலுக்கு வந்தால் உண்டு. நான் போகிற நாளெல்லாம் எனக்கும் சேர்த்து உலை வைப்பாள்.

தொட்டி மேல் ஒரு டிஷ், மலையில் பள்ளிக்கூடக் கூரையில் ஒன்று. அந்த மலையூருக்கு அதுதான் முதல் இணைப்பு. மழைக்காலத்தைத் தாங்கினால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அந்த ஊரையே விட்டுவிடலாம் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

ஐப்பசி பிறந்ததும் வினை ஆரம்பித்தது. மழை வந்தால் இணைப்பு போகும். மழை விட்டு வெயில் ஏறிய பிறகும் வெகுநேரம் வராது. மூன்று முறை மலையேறி அந்தப் பக்கத்து டிஷ்ஷைக் கழற்றி மாட்டினேன். வாத்தியார், "இன்னா சார், இதுவும் போச்சா?" என்று கேட்டபோது எரிச்சலாக வந்தது. கீழ்முனையை நான் போய்ப் பார்க்கவே இல்லை. நான் பூட்டியதில் தப்பு வராது என்ற திமிர்.

வேறு வழியில்லாமல் தொட்டி மேல் ஏறினேன். டிஷ்ஷின் முகத்துக்கு நேராக, ஆள் உயரத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை. சட்டை, பேன்ட், மீசை எல்லாம் உண்டு. ஊறிப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த வைக்கோலைத் தாண்டிச் சிக்னல் எப்படியோ போய்விடும். நனைந்த வைக்கோல் சுவர் மாதிரி.

"யாருக்கா இத இங்க கட்டனது?" என்று மேலிருந்து கத்தினேன்.

"நாந்தான் தம்பி. ரோட்டுல போறவங்க எல்லாம் அண்ணாந்து பாத்துக்கினே போறாங்க. திருஷ்டி."

"டிஷ்ஷுக்கு எதுக்குக்கா திருஷ்டி?"

"அது கெடக்குது. நீ ஒண்டியா இம்மா ஒசரம் ஏறுற. வூட்ல சுத்திப் போடக்கூட ஆளு இல்லன்னு சொன்னியே."

வாய்வரை வந்த திட்டு அப்படியே நின்றுவிட்டது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எனக்காக ஒருவர் பயந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. அழுகை வந்தது. தூறல் இருந்ததால் நல்லதாகப் போயிற்று.

பொம்மையை அவிழ்த்து இறக்கி, ஏணியின் அடியில் கட்டினேன். ஏறுகிற ஆளுக்குத்தானே திருஷ்டி என்று சொன்னதும் அவளும் ஒப்புக்கொண்டாள். அப்புறம் பேய்மழை பெய்தும் இணைப்பு அசையவில்லை. மலையூரை வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். அடுத்து தியாகதுருகம் பக்கம் தொட்டி தேடப் போகச் சொல்லிவிட்டார்.

கடைசியாகத் தொட்டியடியில் டிஷ்ஷுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அக்கா மண்வெட்டியோடு வரப்பில் நின்றாள்.

"இனிமே எப்ப தம்பி வருவ?"

"ரிப்பேர் ஆனா வருவேன்க்கா."

அவள் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினாள்.

"ரிப்பேரே ஆவக் கூடாதுன்னு தான தம்பி இத்தினி நாளா வேண்டிக்கினு இருந்தேன். இனிமே நான் இன்னான்னு வேண்டிக்கிறது?"