புது ஆல்பமும் மாப்பிள்ளையின் காதும்

எங்களுக்குப் பிடித்த ராக் குழுவின் புது ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. கடல் தாண்டி எங்கோ இருக்கிற நாலு பேர். எங்களைப் போலவே அவர்களுக்கும் தொப்பை விழுந்து தலை நரைத்துவிட்டது. பல வருடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது திடீரென்று வருகிறார்கள் என்றால் சும்மாவா? திருவேங்கடத்தில் அலுவலகம் முடிந்து பஸ் ஏறியதும் ஹெட்போனை மாட்டினேன். ஜன்னலோர இருக்கை, இரண்டு பக்கமும் கரிசல் காடு, நல்ல காற்று. சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பாடகன் கத்தவே இல்லை. குரல் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உருண்டது. பேஸ் கிடார் மட்டும் தும் தும் என்று அடியில் ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் சிம்பல் பக்கமே கையை நீட்டவில்லை, யாரோ அதை ஒளித்து வைத்துவிட்டது போல. கறிச் சாப்பாடு என்று கூப்பிட்டு உட்கார வைத்து ரசத்தை ஊற்றினால் வருமே ஒரு கோபம், அதேதான்.

'எங்களுக்கு' என்று சொன்னேன் அல்லவா, அது நானும் என் தங்கை வீட்டுக்காரனும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் அப்பாவின் தறி ஷெட்டில்தான் அந்தக் குழுவின் முதல் கேசட்டைக் கேட்டோம், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டி, கூடவே கத்திக்கொண்டு. விசைத்தறிச் சத்தத்தில் பெரியவர்கள் யாருக்கும் எதுவும் கேட்காது. இதைவிடப் பத்திரமான கச்சேரி மண்டபம் வேறு ஏது? பிறகு நான் தறிப் பக்கம் போகாமல் தப்பித்து அலுவலகத்துக்குப் போனேன். அவன் ஷெட்டை எடுத்து நடத்தினான், என் தங்கையையும் கட்டினான். அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் அவன் 'மாப்பிள்ள', தனியாக இருந்தால் பழையபடி 'ஏலே'.

புது ஆல்பம் வந்தால் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. அவரவர் தனியாகக் கேட்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரை ஒருவரிடம் ஒருவர் மூச்சுக்கூட விடக்கூடாது. சர்ச்சில் ஆராதனை முடிந்து, தங்கை வீட்டில் கறிச்சோற்றின் முன்னால் உட்கார்ந்தபிறகுதான் தீர்ப்பு. முதல் ஆல்பம் தகரக் கூரையில் கல் எறிந்தது போல இருக்கும், அதற்கு இருவரும் நூற்றுக்கு நூறு போட்டோம். இரண்டாவதில் பாட்டெல்லாம் நீளம், மன்னித்தோம். மூன்றாவது எங்களுக்கு உயிர். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் மூன்றாவதோடு வைத்துப் பார்த்துக் குறை சொல்வதே எங்கள் தொழில். ஒரு முறைகூடத் தீர்ப்பு மாறுபட்டதில்லை.

"சொல்லுலே," என்றேன், இலையில் சோறு விழுந்ததும்.

"இவனுவ போட்டதுலயே இதாம்ல பெஸ்ட்டு," என்றான் அவன்.

நான் பிசைந்த சோற்றை இலையிலேயே போட்டேன். "பெஸ்ட்டா? தூக்கத்துல பொலம்புத மாரி பாடிருக்கான்."

"ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காந்து உக்காந்து உனக்கு ரத்தம் ஆறிப்போச்சு. என்னமா பாடிருக்கான்! ஒரு வரி விடாம அப்படியே உள்ள எறங்குது."

"மெதுவா பேசுங்க, தெரு முக்கு வரைக்கும் கேக்குது," என்று தங்கை அடுக்களையிலிருந்து கத்தினாள். அவன் திரும்பவே இல்லை. அவள் என்னிடம் வந்து, "காது டாக்டர்ட்ட போங்கன்னு ஒரு வருசமா சொல்லுதேன் அண்ணே. தறிக்காரன்னா இப்படித்தான்னு சொல்லுதாவ," என்றாள்.

நான் சிரித்தேன். தறி வைத்திருக்கிற வீடுகளில் உப்பு கேட்டால்கூடச் சண்டை போடுவது போலத்தான் இருக்கும். வாக்கப்பட்டுப் போன கொஞ்ச நாளிலேயே என் தங்கைக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. அதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் என்ன சொன்னாலும் இதுதான் பெஸ்ட், இதுதான் பெஸ்ட் என்றான். "ஒனக்குச் சொல்லுதது செவிடன் காதுல ஊதுன சங்குதாம்ல," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஸ்பீக்கரில் மூன்றாவது ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டேன். அந்தப் பாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. சிம்பலில் குச்சி நுனியால் டிக் டிக் என்று ஒரு தட்டு மட்டும் வெகுநேரம் வரும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அப்புறம்தான் டிரம்ஸ் விழும்.

டிக் டிக் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போடுலே," என்றான்.

"போட்டாச்சுல்லா."

"எங்கன போட்ட? இன்னும் ஆரம்பிக்கலயே. வயரு லூசா இருக்கும், பாரு."

நான் கண்ணைத் திறந்தேன். அவன் கேலி செய்யவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது டிரம்ஸ் விழுந்தது. "ஆங், இப்ப வருது," என்று தலையை ஆட்டியவன், சட்டென்று நிறுத்தினான்.

"முன்னால ஒரு டிக் டிக் வரும்லா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"இப்பதாம்ல."

அவன் கை சோற்றிலேயே இருந்தது. என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த தங்கை அவன் பக்கத்தில் வந்தாள். கரண்டியோடு நின்றாள். பாட்டு மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது.

அந்தப் புது ஆல்பம் அவனுக்கு ஏன் அப்படிப் பிடித்தது என்று அப்போதுதான் உறைத்தது. அதில் சிம்பல் மாதிரி கீச்சென்று மேலே ஏறுகிற சத்தம் எதுவுமே இல்லை, அவனுக்கு இன்னும் கேட்கிற அடிச்சத்தம்தான். பல வருடத்துக்குப் பிறகு ஒரு ஆல்பம் அவனுக்கு முழுசாகக் கேட்டிருக்கிறது. நானானால் அதை ரசம் என்றேன்.

பெண்டாட்டி கெஞ்சியும் போகாதவன், ஒரு சிம்பலுக்காக அந்த வாரமே திருநெல்வேலிக்குக் கிளம்பினான். நானும் போனேன். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காதில் மாட்டுகிற மெஷின் தூக்கிக் கொடுக்கும், இனி காதை மூடாமல் ஷெட்டுக்குள் போகக்கூடாது என்றார் டாக்டர். "சிம்பல் கேக்குமா டாக்டர்?" என்று அவன் கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்தேன்.

மெஷின் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். போனில் அந்தக் கீச்சு மேல்சத்தத்தை எல்லாம் குறைத்துவிட்டு, அவனுக்குக் கேட்கிற மாதிரி பஸ்ஸில் கேட்டுப் பார்த்தேன். மூன்றாவது ஆல்பம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. புதுசு அப்படியே நின்றது. அந்தத் தணிந்த குரல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வயதான ஒருத்தன் மனம்விட்டுப் பேசுவது போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல ஆல்பம். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதில் மெஷினோடு அவன் மூன்றாவது ஆல்பத்தைப் போடச் சொன்னான். டிக் டிக் தொடங்கியது. அவன் ஒரு விரலை உயர்த்தினான். டிரம்ஸ் விழும்வரை இறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவனும் மூக்கை உறிஞ்சினான். பிறகு புது ஆல்பத்தையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாவதுக்கு உறை போடக் காணுமா?" என்றான்.

"ஏலே, இதாம்ல பெஸ்ட்டு!" என்று நான் எழுந்துவிட்டேன். அவன் சும்மா இருப்பானா? நாங்கள் போட்ட சண்டையில் தங்கை பொறுமை இழந்து, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வந்து தொலைங்க!" என்று அடுக்களையிலிருந்து கத்தினாள்.

அவன் துள்ளிவிழுந்து காதைப் பொத்தினான். "ஏட்டி, எதுக்கு இப்படிக் கத்துத? காது கேக்குதுல்லா."

அவள் வாசற்படியில் வந்து நின்று அவனைப் பார்த்தாள். பிறகு கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் பேசுவாளே, அந்தக் குரலில், "சாப்பிட வாங்க," என்றாள்.

"இந்தா வாரேன்," என்றான் அவனும், மெதுவாக.