நாளைக்கு மூணு

அடைத்த கதவைத் திறந்த சாவியே பூட்டாகிப் போனால், உள்ளே இருப்பவன் என்ன செய்வான்?

தருமபுரி நெய் மண்டியில் நூர் பாஷாவுக்கு மூக்குதான் பிழைப்பு. மலையிலிருந்து வரும் நெய்யைப் புறங்கையில் தேய்த்து முகர்வார். நல்லது, கலப்படம் என்று அவர் சொன்னால் சொன்னதுதான். முதலாளி கருப்பண்ணன் மறுபேச்சு பேசமாட்டார்.

முப்பத்தெட்டாம் வருஷம் மார்கழிச் சளியில் மூக்கு அடைத்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சவுரியப்பன் எபெட்ரின் சொட்டு மருந்து கொடுத்து, "மூணு நாளைக்கு விடுங்க" என்றார். சுற்றிலும் ஒரே இருமல். பாஷா காதில் விழுந்தது, "நாளைக்கு மூணு."

சொட்டு விழுந்த மாத்திரத்தில் மூக்கு திறந்தது. ஆனால் நாளாக ஆக, மதியத்துக்குள் முன்னைவிட இறுக அடைத்தது. மூன்று வேளை ஆறானது, ஆறு பத்தானது. நெய் டின்களுக்குப் பின்னால் ஒளிந்து தலையை அண்ணாந்து விட்டுக்கொண்டார். வாசனை மட்டும் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் விற்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

வத்தல்மலை ராமக்கா நெய்ப் பானையோடு தலையைக் குனிந்து நின்றாள். "கலப்படம்" என்றார்.

"எருமைய ஓட்டியாறேன் பாய், அதையே கேளுங்க!" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"என்ன பாஷா, வாயாலயா மோப்பம் புடிக்கிறே?" என்று, வாயைத் திறந்து மூச்சுவிட்டு நின்றவரைப் பார்த்துச் சிரித்தார் கருப்பண்ணன்.

அன்றே பாஷா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சவுரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "மூணு நாளைக்குன்னேன், நாளைக்கு மூணுன்னா சொன்னேன்? உள்ளே வீங்கின ரத்தக் குழாயை மருந்து சுருக்குதுங்க. நாள்கணக்கா விட்டா, அதோட வேகம் தீர்ந்ததும் குழாய் இன்னும் வீங்கும். இனி அடைப்பே மருந்தாலதான். முதல்ல ஒரு பக்கத்துக்கு நிறுத்துங்க. அது தானா திறந்ததும் மத்ததுக்கு."

வாயால் மூச்சு விட்டபடி மூன்று வாரம் வீட்டில் கிடந்தார். பாதித் தூக்கத்தில் கை மருந்துச் சீசாவைத் தேடும். அதை மனைவி ஹாஜிரா முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

ஒரு காலை அவர் கத்தினார்: "வெங்காயம் தீயுது!"

"தினமும்தாங்க தீயுது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றவளுக்குக் கண் கலங்கியது.

மூக்கு வந்துவிட்ட சேதி தெரிந்து கருப்பண்ணன் ஆளனுப்பினார். மறுநாள் பாஷா, ராமக்கா பானையோடு திரும்பிப் போன மண்டி வாசலில் நுழையாமல் தாண்டி நடந்தார். சந்தையில், முகர்ந்து தீர்ப்புச் சொல்லத் தேவையில்லாத ஓர் உப்பு மூட்டையை அவிழ்த்து உட்கார்ந்தார். கடைசிவரை உப்புதான் விற்றார்.