ஒருமுறைகூடக் கத்தாத கருவி

பினாங்குக்கு வந்து இது நான்காம் வருடம். இன்னும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே காலையில் அலறல் கேட்டால் யாரும் ஓடுவதில்லை. தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கிறார்கள். ஆயர் ஈத்தாமில் பஸ் பிடித்து, பெர்ரிப் படகில் ஏறி, அக்கரையில் மாக் மண்டினில் உள்ள எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் என் முதல் வேலையே அலற வைப்பதுதான். தொழிற்சாலை ஆட்கள் சட்டையில் மாட்டிக்கொள்ளும் விஷவாயுக் கருவிகள், உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டிகள், எங்களிடம் சோதனைக்கு வரும். அளவு தெரிந்த வாயுவைச் சிறு சிலிண்டரிலிருந்து குழாய் வழியே செலுத்த வேண்டும். கத்தினால் தேறியது. காட்டும் எண் தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். கத்தாவிட்டால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். முதல் நாள் இது தெரியாமல், சத்தம் கேட்டதும் நான் தெருவுக்கே ஓடிவிட்டேன். எல்லாரும் அப்படிச் சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் கருவி ஏது, மூக்குதான். பாலாற்றங்கரைத் தோல் ஆலை ஒன்றில் என் தம்பி சேகர் கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்கிறான். மேஸ்திரி குனிந்து முகர்ந்து பார்ப்பார். அழுகிய முட்டை நாற்றம் அடங்கிவிட்டால் இறங்கச் சொல்வார். வாயு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பதைக் கடல் தாண்டி வந்துதான் கற்றேன். நானும் அப்படி எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன்!

வந்த புதிதில் எனக்குப் பெட்டிகளைத் துடைக்கும் வேலை மட்டும்தான். ஒருநாள் சிவப்புத் தொட்டியில் கிடந்த ஒன்றை எடுத்து அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது, பூஜ்யம் காட்டியது. இவ்வளவு நல்ல சாமானையா எறிகிறார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் சாந்தி அக்காவிடம், ஊருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“பிள்ளைக்கு விளையாடவா? எடுத்துக்க லா தம்பி,” என்றார், இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் சேர்க்கும் ‘லா’வோடு.

சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டேன், சேகருக்கு அனுப்பியும் விட்டேன். யாருக்கு, எதற்கு என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அந்த நிமிடமே பிடுங்கியிருப்பார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சில மாதம் கழித்து என்னைச் சோதனை மேசையில் உட்கார வைத்தபோதுதான் விளங்கியது. உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் உண்டு. அது செத்த பிறகும் திரை ஒளிரும், பூஜ்யம் காட்டும். சுத்தமான காற்றுக்கும் அதே பூஜ்யம்தான். அதனால்தான் வாயுவைச் செலுத்திப் பார்க்கிறோம். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, உங்கள் பக்கம் யாராவது இப்படி ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினால், கடைசியாக அது எப்போது கத்தியது என்று கேளுங்கள்.

அன்றைக்கே சேகரைப் போனில் கூப்பிட்டேன்.

“சூப்பரா இருக்குண்ணா. இதுவரைக்கும் ஒரு தடவகூட கத்தல!”

“டேய், அது செத்த சாமான்டா. தெரியாம குப்பையிலேர்ந்து எடுத்து அனுப்பிட்டேன். தூக்கிப் போடு.”

“இது இருக்குதுன்னுதான்ணா மேஸ்திரி என்னை முதல்ல இறக்குறாரு. என்னைப் பாத்துதான் மத்தவங்க இறங்குறாங்க. இப்பப் போயி எப்டிண்ணா சொல்றது?”

கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். நல்ல கருவி ஒன்றை வாங்கி அனுப்பினேன். அது முதல் நாளே தொட்டி வாயில் அலறியிருக்கிறது. வேலை கெடுகிறது என்று மேஸ்திரி அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பழையதையே மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். வேறு வேலை தேடுகிறேன் என்றான் சேகர். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான்.

அங்கே எட்டு மணிக்கு இறங்குவான். இங்கே அப்போது பத்தரை. மேலே வந்ததும் ‘ஏறிட்டேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதுவரை போனை மேசையில் வைத்துக்கொண்டு பெட்டி பெட்டியாக அலற வைக்கிறேன்.

நேற்று பதினொரு மணி தாண்டி, சாந்தி அக்கா ஒரு கட்டுச் சான்றிதழ்களைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“என்னா தம்பி, எல்லாத்துலயும் சோதனை நேரம் எட்டு மணின்னு எழுதியிருக்க? எட்டு மணிக்கு நீ பெர்ரியில இருந்திருப்ப லா.”

ஒவ்வொன்றாக அடித்துப் பத்தரை என்று எழுதினேன். போன் இன்னும் சத்தமில்லாமல் கிடந்தது.