குளத்துக்கு ஆப்ப சோடா

அன்றைக்கு நீச்சல் குளத்தருகே இருந்தவர்கள் ஆறு பேர்: முதலாளி, மேனேஜர், சமையல் மாஸ்டர், தலைமுடி பச்சையாகிப்போன ஒரு விருந்தாளிப் பெண், சிரிப்பை அடக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அவள் கணவர், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. இருபது பேர் முன்னால் மானம் போனதாக மேனேஜர் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறார். இருபது பேர் இருந்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது அந்த விடுதி. மூடுபனிக்குள் வெந்நீர்க் குளம் என்பதுதான் அதன் விளம்பரம். குளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்று, எஸ்டேட்டில் கொழுந்தெடுத்துவிட்டு அங்கே வந்தவள் நான். ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் தப்பு நடந்துவிடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. பம்பை அணைத்துவிட்டுப் பாதிப் படி ஏறி, மறுபடி இறங்கிப் பார்க்கிற ஆள்.

குளத்துக்குள் குளோரினோடு ஆப்ப சோடாவும் போட வேண்டும். மாதம் ஒரு மூட்டை. பம்பு பொருத்த வந்தவர் அதற்கு 'பஃபர்' என்று ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போனார். பெயர் எதுவானாலும் அது செய்கிற காரியத்தை நான் கையாலேயே தெரிந்துகொண்டேன். வெறும் தண்ணீரில் ஒரு சொட்டு அமிலம் விழுந்தால் போதும், தண்ணீர் அப்போதே புளித்துவிடும். சோடா கரைந்த தண்ணீரில் அப்படி நடக்காது. விழுகிற அமிலத்தை சோடா தன்மேல் வாங்கிக்கொள்ளும், வாங்கியதும் காற்றாகிப் போய்விடும். காரம் கூடினாலும் அதற்கு வழி வைத்திருக்கிறது: தன்னிடமுள்ள புளிப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துச் சரிக்கட்டும். அதனால் புளிப்பு அளக்கிற மீட்டரில் ஏழரை என்றிருக்கிற எண் அங்கேயே நிற்கும். மாமியாருக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மருமகளை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அவள் இருக்கிறவரை வீடு அமைதியாகத்தான் தெரியும். அவள் எவ்வளவு தேய்ந்தாள் என்பது வெளியே தெரியாது.

சோடா எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் காட்டாது. அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது. சின்னக் குழாயில் குளத்துத் தண்ணீரை எடுத்து, சாயம் விட்டால் பச்சையாகும். அதில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு, பச்சை பச்சையாகவே இருக்கும். பத்தாவது சொட்டில் சட்டென்று சிவக்கும். பத்து வந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

வினை ஒரு வேடிக்கைப் பேச்சில் வந்தது. ஆப்ப சோடா என்பதால் அதன் பில் சமையலறைக் கணக்கில் வரும். மாஸ்டர் ஒருநாள் சும்மா இருக்காமல், "எதுத்த டீக்கடை போண்டா ஏன் இப்படி உப்புதுன்னு இப்பல்லா தெரியுது, எல்லாம் ஒன் சோடாதாம்ளா" என்றார். நானும் சிரித்தேன். மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். பாலக்காட்டுப் பக்கம் கோவிந்தாபுரத்துக்காரர், மரியாதையாகப் பேசியே தோலை உரிப்பவர்.

"ஏனம்மிணி, கொளத்துல ஆப்பஞ் சுடறீங்களா?"

"இல்ல சார், தண்ணி புளிக்காம இருக்கதுக்கு."

மீட்டரை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஏழரை. நேத்தும் ஏழரை. முந்தாநாளும் ஏழரை. அசையவே இல்லீங்களே! அப்புறம் அந்த மூட்டையெல்லாம் எங்கீங்க போவுது?"

அசையாமல் இருப்பதற்குத்தான் அந்த மூட்டை என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. சோடாவை நிறுத்தினார். அதற்கு முந்தைய ஏழு மூட்டைக்கு எண்ணாயிரத்து நானூறு ரூபாய் என்று போட்டு, மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார். பணம் போனது ஒரு பங்கு வலி. டீக்கடைக்காரரே என்னைப் பார்த்து, "என்னக்கா, இன்னைக்கு சோடா கொண்டு வரலியா?" என்று கேட்டாரே, அது ஒன்பது பங்கு.

அன்றிலிருந்து பயம் வேறு வேலை செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, குளத்துத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கித் தேதி ஒட்டி வைத்தேன். நாளைக்கு இதைவிடப் பெரிய பழி வந்தால் என்ன காட்டுவேன் என்ற நடுக்கத்தில் செய்தது. ஐந்தாறு வாரத்தில் அந்த நடுக்கம் போய்விட்டது. பாட்டில்களைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வர ஆரம்பித்தது. அது நல்ல சந்தோஷம் இல்லை.

மழை பிடித்தது. மழைத் தண்ணீரில் சோடா கிடையாது; குளம் நிரம்பி வழிய வழிய, இருந்ததும் போனது. மேனேஜர் லாபம் பார்த்து வாங்கிய குளோரின் மாத்திரையோ புளிப்பு. ஒன்பது சொட்டு ஆறாகி, நாலாகி, இரண்டானது. மீட்டர் மட்டும் அதுவரை ஏழுக்குக் கீழே வரவில்லை. பிறகு ஒரே வாரத்தில் நாலரைக்கு விழுந்தது. தண்ணீரைச் சூடாக்குகிற செப்புக் குழாயை அந்தப் புளிப்பு அரிக்கத் தொடங்கியது. வெந்நீர் வந்து விழும் இடத்தில் வெள்ளைப் படிக்கட்டு பச்சை பூத்தது.

"சார், செம்பு கரையுது."

"பாசிங்க அது. பிரஷ் போட்டுத் தேய்ங்க அம்மிணி. வேல செய்யறதுக்கு வலிக்குதாக்கும்."

தேய்த்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

மதுரையிலிருந்து அந்தத் தம்பதி வந்தார்கள். பெண்ணுக்குத் தோள்வரை முடி, நிறம் வெளுக்க வைத்துத் தங்கச் சாயம் ஏற்றியது. வெளுத்த முடி செம்பை அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அவள் படியில் இறங்கும்போது பத்தடி தூரத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டு நின்றேன். "அம்மா, தலையை நனைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முங்கி எழுந்ததைப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். அந்தப் பெண் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி வந்துவிட்டார்.

"ஆறாயிரம் குடுத்து ஏத்துன கலரு சார்!" என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக.

"ஆறாயிரமா? என்கிட்ட ரெண்டாயிரம்னுல்ல சொன்ன?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

மேனேஜர் என்னைக் கை காட்டினார். "இந்தம்மா மருந்த மாத்திப் போட்டிருப்பாங்க மொதலாளி. ஏற்கெனவே சோடாத் திருட்டுல மாட்டுன ஆளுதானுங்க."

நான் பம்பு அறைக்குப் போய் பன்னிரண்டு பாட்டில்களையும் வாளியில் தூக்கி வந்து, தேதி வரிசையில் குளத்துத் திட்டில் வைத்தேன். சொட்டு மருந்தை மேனேஜரிடம் நீட்டினேன்.

"நான் விட்டா திருட்டுச் சொட்டும்பிய. நீங்களே விடுங்க சார். வாய் விட்டு எண்ணுங்க."

அவர் முதலாளியைப் பார்த்தார். "எண்ணுய்யா" என்றார் முதலாளி.

சோடாவை நிறுத்திய வாரத்துப் பாட்டிலுக்கு ஒன்பது வரை எண்ணினார். அடுத்தது எட்டு. அடுத்தது ஆறு. போகப் போக அவர் குரல் தேய்ந்தது. "கேக்கலியே சார்" என்றேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் அப்படியே சொன்னேன். கடைசிப் பாட்டிலில் சொட்டு விட வேண்டிய அவசியமே வரவில்லை. சாயம் விட்டதுமே சிவப்பாக நின்றது.

"எண்ணுங்க சார்."

"எண்ணறதுக்கு என்னம்மிணி இருக்குது?"

"அதத்தான் மூணு மாசமா சொல்லுதேன்."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "போண்டா சங்கதி நான் வெளையாட்டுக்குச் சொன்னது மொதலாளி. இந்தப் புள்ள ஒரு கிராம் எடுத்ததில்ல" என்றார். அதை அவர் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் கையால் நான் இன்றைக்கும் சாப்பிடுவேன்.

செப்புக் குழாய் அரித்துப்போன கொதிகலனின் விலையை முதலாளி கேட்டார். மேனேஜர் பக்கம் திரும்பி, "அந்தப் பொம்பளகிட்டப் பிடிச்ச காச ஒங் கையிலருந்து குடுக்கணும். விடுதிக் காசுல ஒரு பைசா எடுக்கக் கூடாது" என்றார்.

அன்று மதியம் எலுமிச்சம்பழம் தேய்த்து அந்தப் பெண்ணின் தலையை நான்தான் அலசிவிட்டேன். பச்சை பாதி போனது. "எவ்வளவு பொறுமைக்கா ஒங்களுக்கு" என்றாள். இன்னொரு பழத்தை அறுத்து எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லவில்லை.

மேனேஜர் மூவாயிரம் கொடுத்தார், அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். இப்போது பாலக்காட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் இருக்கிறார். மாதம் பிறந்ததும் பகல் பன்னிரண்டு மணிக்கு மீதிப் பணம் கேட்டு அவருக்குப் போன் செய்வேன். அறை காலி செய்கிறவர்கள் மேசை முன்னால் கூடி நிற்கிற நேரம் அது. ஒருமுறை, "விட்டுத் தொலைங்க அம்மிணி" என்று சொல்லி ஐநூறு அனுப்பினார். வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமும் பன்னிரண்டு மணிக்கே கூப்பிட்டேன். அந்தப் பணம் இல்லாமல் என் வீட்டில் உலை கொதிக்காமல் இல்லை. ஆனால் அவர் அதை முழுதாகத் தருகிறவரை என்னைத் திருடி என்று அவர் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது. இன்னும் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் வர வேண்டும்.